மிஷினா, கையா?

“எப்பவாச்சும்தான் வருது” என்று வாடிக்கையாளர் சொன்னதும் உங்கள் முகங்கள் போகிற போக்கைக் காலையிலிருந்து இந்த சர்வீஸ் ஹாலின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முழுசாகச் செத்துப்போன கம்ப்யூட்டர் வந்தால் உங்களுக்குக் கொண்டாட்டம். எதைக் கழற்றி எதை மாட்டினால் உயிர் வரும் என்று தெரியும். வந்து வந்து போகிற கோளாறு என்றால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதனால், புதிதாகச் சேர்ந்தவர்களிடம் ஏதாவது சொல்லுங்கள் என்று உங்கள் மேனேஜர் கேட்டபோது, அப்படி ஒரு கோளாறைப் பற்றியே சொல்லலாம் என்று நினைத்தேன்.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் நடந்தது. சிவகாசியில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் நான் சீனியர். கடையில் நான் ஒருத்திதான் பெண். எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் சர்வீஸுக்கும் சீசன் உண்டு. காலண்டரும் டைரியும் பட்டாசுப் பெட்டி லேபிளும் ஒரே நேரத்தில் ஓடுகிற மாதங்களில் அச்சகத்துக் கம்ப்யூட்டர் ஒன்று படுத்துவிட்டால், அச்சக முதலாளியே அதைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து எங்கள் மேசைக்கு எதிரில் நின்றுவிடுவார். சரியாகும்வரை நகர மாட்டார். அப்படி ஒரு சீசன் பகலில்தான் முத்துலட்சுமி வந்தாள்.

நாரணாபுரத்துக்காரி. தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. பெட்ஷீட்டில் சுற்றிய சி.பி.யு.வைக் கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினாள்.

“என்னம்மா கம்ப்ளைன்ட்?”

“வெளையாட்டு நிக்கிதுங்க.”

“வெளையாட்டா?”

“கார் ஓட்டுற வெளையாட்டு. நல்லா ஓடிக்கிட்டே இருக்கும். திடீர்னு ஒரு வெட்டு வெட்டி நிக்கும். பெறகு தாவிப் போயி செவுத்துல முட்டிரும்.”

இன்று நீங்கள் லேக் ஸ்பைக் என்று சொல்வதைத்தான் அவள் சொன்னாள். அவள் சொன்ன ‘வெட்டு’ எங்கள் கடையில் அதன்பின் பெயராகவே நின்றுவிட்டது. அன்றைக்கு அந்த வார்த்தையைக் கேட்டுப் பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். எனக்கும் எரிச்சல்தான். பின்னால் லேபிள் கம்பெனிக் கம்ப்யூட்டர்கள் வரிசையாகக் காத்திருக்கின்றன.

“சீசன் முடியட்டும்மா. பெறகு கொண்டு வாங்க” என்றேன்.

அவள் போகவில்லை. சி.பி.யு.வைக் கீழேயும் வைக்கவில்லை. “வெளையாட்டுக்குன்னு நெனைக்காதீக. எம்மவனுக்கு அதுதாங்க வைத்தியம்” என்றாள்.

அவள் மகன் மாரீஸுக்கு இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தபோது நடந்த விபத்தில் வலது கை வெந்துபோனது. மதுரையில் ஆபரேஷன் செய்து, தொடையிலிருந்து தோல் எடுத்து விரல்களில் ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய தோல் சுருங்கிவிடாமல் விரல்களை ஓயாமல் அசைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அமுக்குவதற்கு ஒரு ரப்பர் பந்தும் கொடுத்திருந்தார். அந்தப் பந்தைக் கண்டாலே அவனுக்கு ஆகவில்லை. அப்போதுதான் ஓர் அச்சகத்தில் ஒதுக்கிப் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று அவன் மாமா மூலமாக வீட்டுக்கு வந்தது. அதிலே ஒரு கார் பந்தயம் இருந்தது. அம்புக்குறி போட்ட நாலு பட்டன்களில்தான் வண்டி ஓடும். அவை விசைப்பலகையில் வலது பக்கம் இருப்பதால் வலது கையின் மூன்று விரல்கள் வேலை செய்தாக வேண்டும். பந்தைத் தொடாதவன் பொழுதெல்லாம் கார் ஓட்டினான். விரல்கள் மெல்ல மெல்ல மடங்கத் தொடங்கின.

பிறகு இந்த வெட்டு வந்தது.

“கம்ப்யூட்டர்தான் நிக்கிதுன்னு சொன்னா கேக்க மாட்டேங்கான். வெரல் நுனியில உணர்ச்சி இல்லையாம். அமுக்குனேனா இல்லையானு தனக்கே தெரியலைங்கான். காலேஜ்ல படிக்கிற எங்கண்ணன் மகன் வந்து ரெண்டு ஆட்டம் ஆடிப் பாத்துட்டு, மிஷின் நல்லாத்தான் இருக்கு, நீதான் லேட்டா அமுக்குறேன்னுட்டுப் போயிட்டான். அன்னையிலருந்து கை செத்துப்போச்சுன்னு ஒரே பேச்சு. வெளையாட்டையும் விட்டுட்டான். அடுத்த ஆபரேஷனுக்கு மதுரைக்கு வர மாட்டேங்கான். செத்த கைக்கு எதுக்கு ஆபரேஷன்னு கேக்கான்.”

நான் சி.பி.யு.வை வாங்கி என் மேசையில் வைத்துக்கொண்டேன். வரிசையில் முன்னால் இருந்த ஒரு லேபிள் கம்பெனிக் கம்ப்யூட்டரைப் பக்கத்து மேசைக்காரரிடம் தள்ளிவிட்டேன்.

அந்தப் பகல் முழுக்க என்னென்ன பார்த்தேன் என்று அடுக்கப்போவதில்லை. உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பார்த்தேன். பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அதே கார் பந்தயத்தைப் போட்டு ஓடவிட்டேன். ஒரு வெட்டு இல்லை. எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. என் மற்ற வேலைகளுக்கு நடுவே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்து நான் கவலைப்பட்டது அன்று ஒருநாள்தான்.

கடை முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். “நல்லாத்தானே ஓடுது? கேம் ஓடலைன்னு ஒரு பகலா? டெலிவரி கொடுத்துருங்கம்மா” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. மேசையில் ஓடினால் டெலிவரி. அதுதான் எந்தக் கடையிலும் வழக்கம்.

சாயங்காலம் தீப்பெட்டிக் கம்பெனி வேலை முடிந்து முத்துலட்சுமி வந்தாள். இங்கே ஓடுகிறது என்று சொன்னேன். அவள் என்னை வாசலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

“இங்கன ஓடுனதை அவங்கிட்ட சொல்லிறாதீகம்மா. எதையோ மாத்துனேன், மிஷின்லதான் கோளாறு இருந்துச்சுன்னு சொல்லிருங்க. நீங்க சொன்னா நம்புவான். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தி வைக்க ஆசைப்படுகிறேன். அவள் கேட்டது ஒரு பொய். யாருக்கும் கெடுதல் செய்யாத பொய் மாதிரிதான் தெரிந்தது. சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்குப் போய் மறுபடியும் வெட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். மிஷினை ரிப்பேர் பார்த்தாகிவிட்டது, கடைக்காரம்மாவே சரி செய்துவிட்டார், அப்படியும் வெட்டுகிறது என்றால் மிச்சம் இருப்பது அவன் கை மட்டும்தான். இன்றைக்கு அவனுக்குக் கொஞ்சமாவது சந்தேகம் இருக்கிறது. என் பொய் அந்தச் சந்தேகத்தையும் பிடுங்கிக்கொள்ளும்.

“மிஷின்தான்னா கண்டிப்பா சொல்றேன்மா. ஆனா அப்படி இருந்தாத்தான் சொல்லுவேன். இது இப்ப இங்கயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை நானே வீட்டுக்குக் கொண்டாறேன். அவன் ஆடுற எடத்துல வச்சுப் பாப்போம்” என்றேன். அவளுக்கு ஏமாற்றம்தான். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆட்டோ ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். முன்னறைக்குத் தகரக் கூரை. உள்ளே நுழைந்ததும் தலை காந்தியது. மூலையில் ஒரு மரக் கம்ப்யூட்டர் மேசை. சி.பி.யு. வைக்கிற தட்டுக்கு மூன்று பக்கமும் பலகை அடித்து, முன்னால் கதவும் போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. வெறும் சந்தேகம்தான் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

மாரீஸ் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தீக்காயத்துக்குப் போடுகிற இறுக்கமான கையுறை வலது கையில். அதை மடியில் ஒரு துண்டுக்கு அடியில் வைத்திருந்தான்.

“வாங்கக்கா. சரி பண்ணிட்டீகளா?”

“கடையில வச்சுப் பாத்தேன். நல்லா ஓடுச்சு.”

உள்ளே அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அவன் தலையை ஆட்டினான்.

“அப்ப கைதான்.”

“நான் அப்படிச் சொல்லலை. கடையில ஓடுச்சு. இங்கன ஓடுதான்னு பாக்க வந்திருக்கேன்.”

“எங்கம்மா ஒங்ககிட்ட என்ன சொல்லச் சொல்லியிருக்கும்னு எனக்குத் தெரியும்க்கா. நேராச் சொல்லுங்க. மிஷினா, கையா?”

“தெரியலை தம்பி.”

அவன் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தான். டாக்டர், மாமா, அம்மா, காலேஜ் பையன் எல்லாரும் அவனிடம் எதையாவது உறுதியாகச் சொல்லியே பழகியிருந்தார்கள். தெரியாது என்று யாரும் சொன்னதில்லைபோல. எழுந்து வந்து மேசைக்கு முன்னால் உட்கார்ந்தான்.

அந்தக் கார் பந்தயத்தில், யாரும் ஆடாவிட்டால் கம்ப்யூட்டரே வண்டியை ஓட்டிக் காட்டுகிற வசதி ஒன்று உண்டு. அதைத்தான் கடையிலும் ஓடவிட்டிருந்தேன். அவனுக்கு அதை விளக்கினேன். “ஓட்டுறது மிஷின். ஒன் கையும் படாது, என் கையும் படாது. வெட்டு வந்துச்சுன்னா மிஷின். வரலைன்னா…”

“வரலைன்னா கை.”

“வரலைன்னா, ஒன் வெரலுக்கு இன்னும் பழக்கம் வேணும்னு அர்த்தம். செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்லை.”

அதை அவன் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

நேராகச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. அவனை வெளியே அனுப்பிவிட்டு முதலில் நான் மட்டும் ஓடவிட்டுப் பார்த்திருக்கலாம். அவன் இருக்கும்போது வெட்டாமல் ஓடினால் அவன் கண்ணெதிரே அவன் கைக்குத் தீர்ப்பு எழுதியதுபோல் ஆகிவிடும். ஆனால் அவனுக்குத் தெரியாமல் பார்த்துவிட்டு வந்து நான் என்ன சொன்னாலும் அது அம்மா சொல்லச் சொன்ன பேச்சாகத்தான் அவன் காதில் விழும். அதனால் அவனையே கூட வைத்துக்கொண்டேன்.

சி.பி.யு.வைப் பெட்டிக்குள் வைத்தேன். எப்போதும் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும் என்று பக்கத் தகட்டை மாட்டி, அவர்கள் வீட்டு வெல்வெட் உறையையும் போட்டு, கதவைச் சாத்தினேன். அந்தக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லி என் கை துடித்தது. கோளாறைப் பார்ப்பதற்கு முன்பே அதைச் சரி செய்துவிட்டால், சரியானது எது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

குண்டு மானிட்டரில் சிவப்புக் கார் கிளம்பியது. ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று. வளைவுகளில் வழுக்கிக்கொண்டு போனது. முத்துலட்சுமி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, திரையைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டாள். கார் ஓடிக்கொண்டே இருந்தது. டீ ஆறி ஆடை கட்டியது.

“போதும்க்கா” என்று மாரீஸ் எழுந்தான்.

“உக்காரு. வழக்கமா எம்புட்டு நேரம் ஆடுன பெறகு வெட்டும்?”

“வெரல் வலிக்க ஆரம்பிச்ச பெறகுதான்.”

அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. விரல் களைப்பதும் வெட்டு வருவதும் ஒரே நேரத்தில் நடந்திருக்கின்றன. வேறு எப்படி நினைப்பான் அவன்? ரெண்டு ஆட்டம் மட்டும் ஆடிவிட்டுப் போன மாமன் மகனும் வெட்டைப் பார்த்திருக்க வழியில்லை.

“அப்ப அம்புட்டு நேரமும் ஆகட்டும்” என்றேன்.

அவன் உட்கார்ந்தான். கார் ஒரு பாலத்தைத் தாண்டி இறக்கத்தில் இறங்கி, இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் அப்படியே நின்றது. சாலை, மரம், வானம் எல்லாம் ஒரு சொடக்கு நேரம் உறைந்தன. பிறகு தாவியது.

மாரீஸ் இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கியிருந்தான். துண்டு கீழே விழுந்து கிடந்தது.

“நான் தொடலை” என்றான்.

“தொடலை.”

“நீங்களும் தொடலைல்லா?”

“யாருமே தொடலை தம்பி.”

“எம்மா! இங்க வா! சீக்கிரம் வாயேன்!”

முத்துலட்சுமி ஓடிவந்தாள். அவள் வருவதற்குள் கார் சரியாகிவிட்டது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தோம். ஒரு கோளாறு மறுபடியும் வர வேண்டும் என்று நான் சாமியை வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். அடுத்த சுற்றிலே வெட்டியது. கொஞ்ச தூரத்திலே இன்னொரு வெட்டு. “அந்தா, அந்தா!” என்றாள் முத்துலட்சுமி. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெட்டுக்கும் வீடே சிரித்தது. மாரீஸ் கைகளை இறக்கவே இல்லை. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியாமல் அவன் அம்மா அவன் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

பிறகு கதவைத் திறந்தேன். இட்லிச் சட்டி மூடியைத் திறந்ததுபோல அனல் முகத்தில் அடித்தது. சூடு எல்லை தாண்டினால் அந்தக் காலத்துப் புராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; கொஞ்சம் ஆறியதும் மறுபடி ஓடும். வெட்டு அதுதான். என் கடையில் ஏ.சி. அறை, தகட்டையும் வேறு கழற்றி வைத்திருந்தேன். கோளாறைக் குணப்படுத்தி வைத்துக்கொண்டு அதையே தேடியிருக்கிறேன்.

முத்துலட்சுமியின் சிரிப்பு நின்றுவிட்டது. “கதவு போடச் சொன்னது நாந்தான். தூசி போயிரக் கூடாதுன்னு ஆசாரியைக் கூட்டியாந்து போட்டேன்” என்றாள்.

நான் புராசசர் மேல் இருந்த ஃபேனைக் கழற்றினேன். அதற்கடியில், உலோகத் தகடுகளுக்கு மேலே, கம்பளித் துண்டுபோல அழுத்தமாக ஒரு படலம். காகிதத் தூசி. அச்சகத்தில் பேப்பர் வெட்டுகிற மிஷினுக்குப் பக்கத்தில் இருந்த காலத்திலே சேர்ந்தது. ஃபேனைக் கழற்றாமல் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. அதை உரித்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

“தூசி ஒங்க வீட்டுக்கு வாறதுக்கு முன்னாடியே உள்ள போயிருச்சும்மா. இது பாதி, கதவு பாதி. கதவை மட்டும் கழட்டிருவோம்.”

அவள் அரிவாளைக் கொண்டுவந்து தானே கதவின் ஆணியை நெம்ப ஆரம்பித்துவிட்டாள்.

சுத்தம் செய்து, புராசசருக்குச் சூட்டைக் கடத்துகிற பசையைப் புதிதாக வைத்து, சி.பி.யு.வை மேசைக்கு மேலே காற்றாடி படுகிற இடத்தில் வைத்தேன். கம்ப்யூட்டரே ஓட்டுவதை மறுபடி போட்டுவிட்டு, அவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டேன். சாப்பிட்டு, கை கழுவி, அரட்டை அடித்து முடிக்கிறவரை ஓடியது. வெட்டவில்லை. அதற்குப் பிறகுதான் மாரீஸ் கையுறைக் கையை விசைப்பலகையில் வைத்தான்.

மூன்றாவது வளைவிலேயே சுவரில் முட்டினான்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

“இப்ப நின்னுச்சாக்கா?”

இங்கேயும் ஒரு பொய் சுலபமாகத்தான் இருந்தது. “இல்லை. இது நீதான்” என்றேன்.

முத்துலட்சுமி என்னை முறைத்தாள். அவன் திரையின் பக்கம் திரும்பினான். “லேட்டா அமுக்கிட்டேன்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டு, மறுபடி ஆட்டத்தைத் தொடங்கினான். அடுத்த தடவை அதே வளைவை உரசிக்கொண்டு தாண்டினான். நான் செருப்பைப் போடும்போதும், தெருவில் இறங்கும்போதும் அந்தக் காரின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

எந்த மிஷினுக்கும் பின்னால் அதையே நம்பி ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்றெல்லாம் பெரிதாகச் சொல்ல எனக்கு வராது. பெரும்பாலும் அது வெறும் மிஷின்தான். ஆனால் உங்கள் மேசையில் ஒழுங்காக ஓடியதைக் காட்டி, கோளாறு உங்களிடம்தான் என்று ஒரு மனிதரைத் திருப்பி அனுப்புவதற்கு முன்னால், அவர் உட்காருகிற இடத்தில் ஒருமுறை போய் உட்காருங்கள். அதுவரைக்கும், தெரியாது என்ற பதிலையே வைத்திருங்கள்.

மாரீஸ் மதுரைக்குப் போனான். இரண்டாவது ஆபரேஷனும் நடந்தது. அதை முத்துலட்சுமி கடை வழியாகப் போகும்போது வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனாள். அவனைப் பல மாதங்களாக நான் பார்க்கவில்லை. ஒருநாள் மத்தியானம், காலண்டர் கம்பெனி முதலாளி ஒருவர் என் எதிரில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தபோது, கடைப் போன் அடித்தது.

“அக்கா, மாரீஸ் பேசுறேன். இன்னைக்கு ஒரு ரேஸ்ல தோத்துட்டேன்.”

“மறுபடி வெட்டுதா?”

“மிஷின் சூப்பரா ஓடுதுக்கா. கடைசி வளைவு வரைக்கும் நாந்தான் முன்னாடி. அங்கனதான் அவசரப்பட்டு, திருப்ப வேண்டிய எடத்துக்கு முந்தியே திருப்பிட்டேன்.”

“என்ன, லேட்டா இல்ல, முந்தியேவா?”

“ஆமக்கா, முந்தியே!” என்று அவன் போனிலே கத்தியது எதிரில் நின்ற முதலாளிக்கும் கேட்டிருக்கும்.